14-ஆம் பக்கத்து ஆவி

அன்புள்ள தம்பிக்கு,

திரைக்கதையை இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தைச் சென்னையில் ஒரு கட்டுமான கம்பெனி முதலாளி வீட்டுக்குள் கொண்டுவந்தது நல்ல யோசனைதான். அம்மா சித்தப்பாவைக் கட்டிக்கொள்வதைக்கூட நம்பும்படி எழுதியிருக்கிறாய். 14-ஆம் பக்கத்தில்தான் எனக்கு இடறியது.

செத்துப்போன அப்பாவின் பழைய போனை மகன் சார்ஜில் போடுகிறான். அதில் ஒரு வீடியோ. "தம்பிக்காரன் என்னைக் கொல்லப் பார்க்கிறான்" என்று அப்பா பேசுகிறார். நாடகத்தில் வரும் அப்பாவின் ஆவிக்குப் பதில் வீடியோ, காலத்துக்குப் பொருத்தம் என்று நினைத்திருப்பாய். நான் ஓரத்தில் பென்சிலால் எழுதியது ஒரே கேள்வி: இதை எடுத்துக்கொண்டு இவன் ஏன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவில்லை?

நாடகத்தை மறுபடி எடுத்துப் பார். ஆவியைக் காவலாளிகளும் பார்க்கிறார்கள். ஆனால் அது வாய் திறப்பது ஹாம்லெட்டிடம் மட்டும். வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? வந்தது அப்பாவா, அப்பா வேஷத்தில் வந்த பிசாசா என்று அவனுக்கே சந்தேகம். அதனால்தான் கூத்துக்காரர்களை வைத்து ஒரு நாடகம் போட்டு, சித்தப்பாவின் முகம் மாறுகிறதா என்று பார்க்கிறான். முறையிடலாம் என்றால், நீதி சொல்ல வேண்டிய ராஜாவே அந்தச் சித்தப்பாதான், கொலைகாரன். உன் வீடியோ இந்த முடிச்சையெல்லாம் ஒரே நொடியில் அவிழ்த்துவிடுகிறது. அப்புறம் இடைவேளைக்குப் பிறகு படத்துக்கு என்ன வேலை?

(தமிழ் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியபோது இந்தத் தொல்லை அவருக்கு இல்லை. ராஜா கதை ராஜா கதையாகவே இருந்தது.)

ஹாம்லெட்டைத் தழுவி விஷால் பரத்வாஜ் எடுத்த ஹிந்திப் படம் 'ஹைதர்' 2014-இல் வந்தது. கதை நடப்பது 1995-இல், காஷ்மீரில். ராணுவம் பிடித்துக்கொண்டு போன டாக்டர் அப்பா திரும்பவில்லை. புகார் கொடுக்கலாமே என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஆவியின் இடத்தில், அப்பாவோடு அடைபட்டிருந்த ரூஹ்தார் என்ற ஆள். கறுப்புக் கண்ணாடி போட்டு, பனிக்குள்ளிருந்து நொண்டிக்கொண்டு வருவார் இர்ஃபான் கான். பழிவாங்கு என்று அப்பா சொல்லியனுப்பியதைச் சொல்லிவிட்டுப் போவார். பின்னால் சித்தப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? அந்த ஆள்தான் உன் அப்பாவைக் கொன்றவன் என்கிறார். ஆவி போய்விட்டது, சந்தேகம் அப்படியே இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1960-இல் எடுத்த 'தி பேட் ஸ்லீப் வெல்'. ஹாம்லெட்டைத் தழுவியது என்று சொன்னால் பாதிதான் உண்மை, ஆனால் உனக்குத் தேவையானது அதில்தான் இருக்கிறது. ஊழல் வழக்கில் மாட்டிய வாடா என்ற அதிகாரி தற்கொலை செய்துகொண்டதாக ஊரே நம்புகிறது. அவரைத் தடுத்துக் காப்பாற்றிய கதாநாயகன், அவருடைய இறுதிச்சடங்குக்கே அவரைக் காரில் கூட்டிப்போகிறான். கண்ணாடிக்கு வெளியே பெண்டாட்டியும் மகளும் துக்கத்தில் இருக்க, மேலதிகாரிகள் வந்து படத்துக்குக் குனிந்து வணங்குகிறார்கள். காருக்குள் ஒரு டேப் ஓடுகிறது. அதே மேலதிகாரிகள் இவர் சாவைப் பற்றி நைட் கிளப்பில் சிரித்துப் பேசிய பேச்சு. மனுஷன் அங்கேயே உடைந்துபோகிறார். பிறகு கதாநாயகன் அவரையே ஆவியாக்கி, குற்றவாளிகளில் ஒருவனின் தெருவில் நிறுத்துகிறான். கண்டவன் அலறுகிறான், யாரும் நம்பவில்லை. நாடகத்தில் நல்லவனுக்கு நேர்ந்த கதியைக் குரோசாவா கெட்டவனுக்குக் கொடுத்துவிட்டார் பார்.

அந்தப் படத்தில் சாட்சியும் இருக்கிறது, டேப்பும் இருக்கிறது. ஒன்றும் வெளியே வரவில்லை. கடைசியில் பெரிய அதிகாரி போனில் அதற்கும் மேலே இருக்கிற யாரோ ஒருவரிடம் பணிந்து பேசுகிறார். அந்தக் குரல் நமக்குக் கேட்பதேயில்லை.

வீடியோவை விடமாட்டேன் என்றால் சரி, அது இருக்கட்டும். பையனை ஸ்டேஷனுக்கு அனுப்பு. ரைட்டர் போனை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டட்டும். சாயங்காலம் அதே போன் சித்தப்பாவின் டீப்பாய் மேல் கிடக்கட்டும். அங்கிருந்து எழுது.

அப்புறம், கிளைமாக்ஸ் வாள்சண்டையைக் கார் சேஸிங்காக மாற்றியிருக்கிறாயே, அதற்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நேரில் திட்டுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்