இரண்டாவது டப்பாவுக்கு நன்றி

சபையாருக்கும் தெருக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரி வரை வந்து பார்த்தவர்களுக்கும் டீச்சர் வீட்டிலிருந்து ஸ்தோத்திரம்.

என் வீட்டுக்காரர், உங்கள் சார், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். டீ கேட்கிறார், கொடுத்தால் சீனி பத்தவில்லை என்கிறார். நடந்தது என்ன என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். சிலருக்கு எங்களைவிட நன்றாகவே தெரியும். அதனால் அந்தக் கதைக்குள் திரும்பப் போகவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களின் வரிசை நீளம். தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன், அப்புறம் அது ஒரு வருத்தமாகப் போகும். மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

சபைத் தேர்தலில் இரண்டு அணியாக நின்று, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாமல் இருந்தவர்கள், ரத்தம் கொடுக்க ஒரே வேனில் பாளையங்கோட்டைக்கு வந்தீர்கள். வழியில் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. பேசினீர்களா என்றும் கேட்கவில்லை. பாடகர் குழுப் பையன்கள் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். சேகரத்துப் போதகர் ஐயா வந்தபோதெல்லாம் சுருக்கமாக ஜெபித்தார், அதற்குத் தனியாக ஒரு நன்றி. கோயில் வேலை பார்க்கிற கோயில்குட்டி அண்ணாச்சி ராத்திரித் துணைக்கு இருந்தார். எதிர்வீட்டு மதினி கந்த சஷ்டி விரதம் இருந்துகொண்டே என் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டார். பரீட்சை நாளில், "உங்க அம்மை இருந்தா ஜெபம் பண்ணித்தான அனுப்புவா, பண்ணிட்டுப் போங்க" என்று வாசலில் நிறுத்தி, அவர்கள் முடிக்கும்வரை தானும் கூட நின்றிருக்கிறார். இவ்வளவு துன்பத்தைக் கர்த்தர் ஏன் அனுமதித்தார் என்று கட்டில் பக்கத்தில் நின்று எனக்கு விளக்கம் சொன்னவர்களுக்கும் நன்றி. பஸ் மாறி வந்தீர்களே.

இனி ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். பெயர் போட மாட்டேன். போட்டால் என் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், சொன்னால் செய்கிற ஆள். பெரியம்மை என்று வைத்துக்கொள்வோம். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெரியம்மைதான்.

சென்னையிலும் துபாயிலும் இருந்து இதைப் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு விஷயம். உங்கள் அம்மாமாருக்குக் கைப்பிடி அரிசி என்றால் தெரியும். உலைக்கு அரிசி களையும் முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படியில் இருக்கிற டப்பாவில் போட்டுவிடுவோம். மாதம் ஒரு சனிக்கிழமை, பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து சாக்கோடு வீடு வீடாக வந்து வாங்குவார்கள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஏலம். ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி எல்லாம் கலந்து கிடக்கும்; பொங்கினால் பாதி குழையும், பாதி வேகாது. அதனால் பெரும்பாலும் கோழி வளர்க்கிறவர்கள்தான் எடுப்பார்கள். வருகிற காசு மிஷனரி ஊழியத்துக்குப் போகும்.

எங்கள் தெருவுக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருவது பெரியம்மை. ஓலைப் பெட்டி முடைவார், நூறு நாள் வேலைக்குப் போவார், தனி ஆள். முழங்கால் வலி வேறு. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. வீட்டுக்காரர் பெயரெல்லாம் எழுத மாட்டார். 'டீச்சர் வீடு', 'வேம்படி வீடு', 'மிலிட்டரி வீடு' என்றுதான் இருக்கும்.

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த வாரக் கடைசியில் சாக்கோடு வந்தார். சாரைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, எழுந்து போகப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "இத்தனை மாசமா எங்க வீட்டுல ஒண்ணுமே எடுத்து வைக்கல பெரியம்மை, அடுத்த மாசம் சேத்துத் தாரேன்" என்றேன்.

"ஒங்க வீட்டது வந்துட்டுல்லா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். டீச்சர் வீட்டு வரியில் ஒரு மாதம்கூட விடாமல் டிக் போட்டிருந்தது. யார் கொடுத்தது என்று கேட்டதற்கு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்த நாள் பிரட் கொடுக்கிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் ஒரு அறை, அதிலேயே அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு டப்பா. ஒன்று அவருடையது, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். இன்னொன்று பால்பவுடர் டின், மூடி துருப்பிடித்தது, மேலே கரித்துண்டால் 'டீச்சர்' என்று எழுதியிருந்தது. 'ச்' இல்லை, 'டீசர்' என்றுதான் இருந்தது. தினமும் உலை வைக்கும்போது தன் பாட்டிலில் ஒரு பிடி, அந்த டின்னில் ஒரு பிடி போட்டிருக்கிறார். ஒரு உழக்கு அரிசி பொங்குகிற வீட்டில் இரண்டு பிடியை எடுத்துவிட்டால் சட்டியில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று அரிசி களைகிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நான் அழுதுவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "ஏட்டி, ஒன் அடுப்பு எரியலன்னா அதுக்கு நீ என்ன செய்வ? எங்க அடுப்பு எரியுதுல்லா. ஒங்க பேரு நோட்டுல விட்டுப்போச்சுன்னா நல்லாவா இருக்கும்?" என்று அதட்டினார். அப்புறம் பிரட்டைப் பிரித்துப் பார்த்து, இனிப்பு பிரட் இல்லையா என்று கேட்டார்.

அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மாதங்களில் எல்லாரும் எங்களுக்குக் கொடுத்தீர்கள். பணம், சோறு, ரத்தம், பஸ் செலவு. எல்லாம் தேவைப்பட்டது, வாங்கிக்கொண்டோம், கடைசி வரை மறக்க மாட்டோம். ஆனாலும் வாங்கிக்கொண்டே இருப்பதில் ஒரு சோர்வு உண்டு. வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. நாம் எழுந்து நின்று வாங்கி, ஓரமாக வைத்து, நன்றி சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் நாமே ஒரு தர்மப் பெட்டியாகிவிட்ட மாதிரி இருக்கும். பெரியம்மை எங்களுக்கு ஒரு மணி அரிசிகூடத் தரவில்லை. எங்கள் பேரில் கொடுத்தார். நாங்கள் படுத்துக் கிடந்தபோதும், இந்தச் சபையில் கொடுக்கிற குடும்பங்களின் வரிசையில் எங்கள் இடத்தைக் காலியாகாமல் பார்த்துக்கொண்டார். இது அவருக்கு எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நம் பக்கத்துச் சரித்திரத்தைப் பார்த்தாலும் இது லேசான விஷயம் இல்லை. வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்ததற்காகத் துரத்தப்பட்டவர்கள், நிலம் வாங்கிக் குடியேறின ஊர்தான் 1799-ல் முதலூர். அதே மாதிரி அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு நிலம் வாங்கத்தான் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தரும சங்கத்தை ஆரம்பித்தார். அப்போது நம் ஆட்கள் வாங்குகிற கை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் பணம் என்று துணிந்து தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதில் முன்னால் நின்றவர். 1909-ல் அவரே தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்குப் புறப்பட்டுப் போனார். ஏறக்குறைய நூறு வருஷத்தில் வாங்கின ஊர்கள் கொடுக்கிற ஊர்களாயின. அந்தக் கௌரவம் பெரியம்மைக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. இந்த வருஷக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஓய்வுநாள் பள்ளியில் சீஷத்துவப் பாடம், அதாவது இயேசுவின் சீஷராக வாழ்வது எப்படி என்கிற பாடம், எடுக்கிறவள் நான். தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு இயேசுவைப் பின்பற்ற வேண்டும் என்று லூக்கா சுவிசேஷத்தில் வருகிறதைச் சொல்லிக்கொடுத்தபோது, ஒரு பையன் கேட்டான், "லீவு நாள்லயுமா டீச்சர்?" அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம், நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இனி அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு டின் இருக்கிறது. வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகப் பெரியம்மை தர மாட்டார், அதனால் வாயால்தான் சொல்ல வேண்டும்.

ஐயாவுக்கு ஒரு சின்ன விண்ணப்பம். இதைப் படித்ததும், வேதத்தில் வருகிற, காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை வைத்து ஒரு பிரசங்கம் உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பெரியம்மை எழுந்து வெளியே போய்விடுவார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு தீர்மானம் பண்ணியிருக்கிறோம். எங்கள் அடுப்படியிலும் இப்போது இரண்டு டப்பா. இரண்டாவது எந்த வீட்டுக்கு என்று சொல்ல மாட்டோம். அந்த வீட்டில் இப்போது உலை வைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆள் வந்த பிறகு வேறு வீடு. அரிசிச் சனிக்கிழமைகளில் சாக்கை நான் தூக்குவேன், நோட்டு பெரியம்மை கையில். இதற்கு அவர் சம்மதிக்க ரொம்ப நேரம் ஆனது. நான் டிக்கை ஒழுங்காகப் போட மாட்டேனாம்.

வருகிற ஞாயிறு காலை ஆராதனையில் எங்கள் குடும்ப ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறோம். முடிந்ததும் கோயில் வளவில் எல்லாருக்கும் சாப்பாடு; சோறு, பருப்பு, அவியல், பாயசம். எதிர்வீட்டு மதினிதான் அவியலுக்குப் பொறுப்பு. தெருவில் எல்லாரும் வர வேண்டும், கோயிலுக்குள் வராதவர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் போதும். யாரும் கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம். ஹார்லிக்ஸ் மட்டும் அலமாரி நிறைய இருக்கிறது; வேண்டியவர்கள் போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
டீச்சர் வீடு