பத்து நிமிஷம் ஊறட்டும் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது, சம்பா வயலில் தண்ணீரை வடியவிட அப்பா விடிவதற்குள் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். எனக்கு நீ போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னதே மனதில் சுற்றுகிறது. ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு கூடியிருக்கிறது, மைதாவை விட்டுவிட்டு ஓட்ஸில் பான்கேக் சுட்டேன், திருப்பும்போதே துண்டு துண்டாகிவிட்டது, அதனால் வெறும் காபியோடு வேலைக்குப் போகிறேன் என்றாயே, அந்தக் குளிர் ஊரில் வெறும் வயிற்றோடு பஸ்ஸுக்கு நிற்கிறாய் என்பது எனக்குத் தாங்கவில்லை. கும்பகோணம் போனபோது ஒரு பாக்கெட் ஓட்ஸ் வாங்கிவந்து இந்த வாரம் முழுக்க நம் தோசைக்கல்லில் சுட்டுப் பார்த்தேன்.

முதல் நாள் எனக்கும் உடைந்துதான் போனது. மைதாவில் குளுட்டன் என்ற இழுவை இருக்கிறது, பரோட்டா மாவை வீசினாலும் கிழியாமல் வருவது அதனால்தான். ஓட்ஸுக்கு அந்த இழுவை கிடையாது, நம் கேழ்வரகு மாதிரி. அப்பாயி கேழ்வரகு அடை தட்டும்போது வெந்நீர் விட்டுப் பிசைந்து மூடிவைத்துவிட்டு, அப்புறம்தானே அடுப்பைப் பற்றவைப்பார்? அது ஞாபகம் வந்ததும் மறுநாள் கரைத்த மாவைப் பத்து நிமிஷம் அப்படியே வைத்தேன். முழுசாகத் திரும்பியது தம்பி, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு கப் ஓட்ஸ் எடுத்துக்கொள், 90 கிராம் இருக்கும். தட்டையாக இருக்கிற ஓட்ஸாகப் பார்த்து வாங்கு, மசாலா, இனிப்பு கலந்த பாக்கெட் வேண்டாம், அதில் உப்பும் சர்க்கரையும் அதிகம். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்கு உடை. ரொம்ப நைசாக அரைத்தால் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையும் வேகமாக ஏறும், அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் நான் இதில் கவனமாக இருக்கிறேன், உனக்கும் அது நல்லதுதான். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்துக்கொள். இங்கே பூவன் என்பதால் இரண்டு போட்டேன், உங்கள் கடையில் கிடைக்கிற நீளப் பழம் என்றால் ஒன்று போதும். ஒரு முட்டை, அரை கப் பால், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, ஒரு ஏலக்காய். எல்லாவற்றையும் கரைத்து மூடி வை. பத்து நிமிஷத்தில் இட்லி மாவு மாதிரி கெட்டியாகும், அதற்கு மேலும் இறுகினால் ஒரு கரண்டி பால் விடு.

கல் காய்ந்ததும் தீயைக் குறைத்துவிடு. வாழைப்பழத்தில் இருக்கிற இனிப்பு சீக்கிரம் கருகும், உள்ளே மாவு வேகாமலே வெளியே கறுத்துப்போகும். தோசை மாதிரி தேய்க்கக் கூடாது, உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றி விட்டுவிடு. பெரிதாக ஊற்றினால் எவ்வளவு ஊறினாலும் உடையும். மேலே குமிழ் வந்து ஓரம் காய்ந்த பிறகு ஒரே ஒரு தடவை திருப்பு, கரண்டியால் அழுத்தாதே.

மாவில் ஒரு வழவழப்பு இருக்குமே, அதைப் பார்த்து முகம் சுளிக்காதே. ஓட்ஸில் இருக்கிற பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்துதான் அப்படி வழவழக்கிறது. கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவுவதும் அதுவேதான், அது குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றிவிடுவதால் உடம்பு புதிதாகப் பித்தநீர் செய்ய ரத்தத்திலிருக்கிற கொழுப்பை எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 3 கிராம் வேண்டும் என்கிறார்கள், அதற்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டும். காலையில் பாதி மாவைச் சுட்டுச் சாப்பிட்டாலே பாதிக்கு மேல் வந்துவிடும், மீதிக்கு ராத்திரி ஓட்ஸ் கஞ்சி குடி. ஆனால் மேலே சிரப்பும் வெண்ணெயும் ஊற்றிக்கொண்டால் இத்தனை பாடும் வீண். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். தயிரும் நாலு பாதாம் பருப்பும் போதும். டாக்டர் மறுபடி பரிசோதனைக்கு எந்தத் தேதி சொன்னாரோ அதைத் தள்ளிப்போடாதே.

இன்னொன்று, இதை இட்லி மாவு மாதிரி மறுநாளைக்கு வைக்க முடியாது, பேக்கிங் பவுடரின் வேகம் போய்விடும், மாவும் களியாகிவிடும். நேரம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் சுட்டு, ஆறியதும் ஃப்ரீசரில் வைத்துவிடு, காலையில் இரண்டை எடுத்து டோஸ்டரில் போட்டால் போதும், பல் தேய்த்து முடிப்பதற்குள் சூடாகிவிடும்.

அப்பா வயலிலிருந்து ஈரத்தோடு வந்து மூன்று சாப்பிட்டார். தம்பி சாப்பிட்டானா என்றுதான் முதலில் கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாவைக் கரைத்து வைத்துவிட்டு வீடியோ கால் போடு, அங்கே காலை என்றால் இங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், நான் சும்மாதான் இருப்பேன். மாவு ஊறுகிற பத்து நிமிஷமும் பேசலாம்.

அன்புடன்,
அம்மா