கோழிகளைப் பங்கு போடாதே, மருமகளே

அன்புள்ள மருமகளுக்கு,

அப்பாவும் அம்மாவும் பிரிவதால் வீடு யாருக்கு, வண்டி யாருக்கு என்று பேசுகிறார்கள், உன் கோழிகளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். திறக்காததே நல்லது. திறந்தால் "ஆளுக்குப் பாதி" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒத்துக்கொள்ளாதே.

எது முதலில் தின்னும், எது கம்பில் எங்கே அடையும் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. கொத்தியும் துரத்தியும் அவையே முடிவு செய்தது. பாதியாகப் பிரித்தால் இரண்டு வீட்டிலும் அந்தச் சண்டை புதிதாகத் தொடங்கும். காலையில் கூட்டைத் திறந்துவிடும் ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே மொத்தமும் போகட்டும். அந்த ஆள் நீதான். நீ எங்கே இருப்பாய் என்று முடிவாகும்வரை என்னிடம் இருக்கட்டும். உன் அப்பாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டேன், இருவருமே சரி என்றார்கள். (சமீபத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.)

எப்போது கொண்டுவருவது என்பதை அடைக்கோழி சொல்லட்டும். குஞ்சு பொரிக்க 21 நாள். கருப்பிக்கு இன்னும் சில நாள்தான் பாக்கி என்றால் பொறுப்போம். இடம் மாறினால் சில கோழிகள் அடையை விட்டு எழுந்துவிடும்.

இருட்டிய பிறகு பிடி. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. கம்பில் உட்கார்ந்திருப்பதை இறக்கையோடு சேர்த்து இரண்டு கையாலும் அப்படியே எடுத்துவிடலாம். காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்க யாரையும் விடாதே. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை (உதரவிதானம்) நம்மைப் போல அதற்குக் கிடையாது. தலைகீழானால் குடலும் ஈரலும் காற்றுப்பைகளை அழுத்தி மூச்சு முட்டும். சாக்கும் வேண்டாம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்று புகும் கூடை போதும், அடியில் கொஞ்சம் வைக்கோல். சேவலுக்குத் தனிக் கூடை.

வந்த உடனே என் கோழிகளோடு சேர்க்க மாட்டேன், வருத்தப்படாதே. பார்வைக்குத் தெம்பாக இருக்கும் கோழிகூட நோயைச் சுமந்து வரலாம். ஒரு மாதம் தோட்டத்தின் மறுகோடியில் தனி அடைப்பு, தனித் தீனித்தட்டு. முதலில் என் கோழிகளைக் கவனித்துவிட்டு, செருப்பை மாற்றிக்கொண்டு உன்னுடையவற்றிடம் போவேன். அப்புறம் நடுவில் வலை கட்டிச் சில நாள் ஒன்றையொன்று பார்க்க விடுவேன். புறப்படும் முன் இறக்கைக்கு அடியில் செல், அதாவது கோழிப்பேன், இருக்கிறதா என்று நீ பார்த்துவிடு.

அடைத்து வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. புது இடத்தில் அன்றைக்கே திறந்துவிட்டால் சாயங்காலம் கூட்டுக்கு வராமல் ஏதாவது மரத்தில் ஏறிக்கொள்ளும். மரநாய்க்கு அது போதும். சாதாரணக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, நாய் வந்தால் பிய்த்துவிடும். அதனால் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் என்கிற கெட்டிக் கம்பிவலை அடித்திருக்கிறேன், தோண்டி நுழையாதபடி வெளிப்பக்கம் ஒரு அடி மண்ணுக்குள் மடித்துப் புதைத்து.

முட்டை நின்றுவிடும். இறகுகூட உதிரலாம். இடம் மாறிய மிரட்சிதான், சில வாரங்களில் சரியாகும். அதற்குள் "அங்கே போனதும் முட்டையே இல்லை பார்" என்று வீட்டில் யாராவது இன்னொருவரைக் குத்திப் பேசினால் காதில் வாங்காதே. தீனி எடுக்காமல் தூங்கி வழிந்தாலோ, கழிச்சல் கண்டாலோ நானே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுகிறேன்.

சேவல் விஷயம்தான் பாக்கி. நீ போகும் வீட்டில் கோழி வளர்க்க விடுவார்களா, கூவினால் அக்கம்பக்கத்தில் பொறுப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடச் சொல். மாட்டார்கள் என்றால் அவன் என்னிடமே இருக்கட்டும், இங்கே வேறு சேவல் இல்லை. பெட்டைகள் சேவல் இல்லாமலும் முட்டையிடும், அதில் குஞ்சு மட்டும் வராது.

கருப்பி உட்கார்ந்த தேதியை இன்றே எழுது. எத்தனை கூடை வேண்டும் என்பதையும்.

உன் அத்தை