பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. தம்பி போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். போனில் பேசும்போது நீ "எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். எழுதினால் முழுவதும் படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் உன் சக்கர நாற்காலி. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார். பிரேக் கட்டை டயரை அழுத்தித்தான் நாற்காலியை நிறுத்துகிறது. காற்று குறைந்தால் டயர் தொய்ந்துவிடும், கட்டை சரியாகப் பிடிக்காது. பிரேக் போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய், பஸ் திரும்பும்போது நாற்காலி நகரும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்களில் முடி, நூல் எது சுற்றியிருந்தாலும் எடுத்துவிடு. மூன்று மாதம் வெளியே போகாத நாற்காலி என்றால் காற்று தானாகவே இறங்கியிருக்கும்.

மூன்று மாதம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். தம்பியைத் திட்டாதே. அவனாகச் சொல்லவில்லை, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீசில் விட்டுவிட்டார்கள் என்று எங்களிடம் சொன்னாய். நீயாகக் கேட்டு வாங்கியது என்று அவன் சொன்னான். ஒரே வாரத்தில் இரண்டு பஸ் உன்னைப் பார்த்தும் நிற்காமல் போனதையும், மூன்றாவது பஸ் நின்று, நாற்காலியை ஏற்றும் சாய்தளம் வேலை செய்யவில்லை என்று சொல்லிக் கதவை மூடியதையும் சொன்னான். அன்று நல்ல மழையாமே.

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன் உன் அப்பா. பஸ்ஸில் உனக்கு ஒன்று என்றால் முதலில் என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? தம்பியிடம் சொல்லத் தோன்றியிருக்கிறது, என்னிடம் தோன்றவில்லை. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. சரி, விடு.

நிறுத்தத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்று தெரியவில்லை. தூணுக்குப் பின்னாலோ விளம்பரப் பலகையை ஒட்டியோ நிற்காதே. நின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவரின் தலை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. நாற்காலியில் உன் தலை நாலடி உயரத்தில்தான் இருக்கும். பஸ் வரும் திசையில், எல்லாருக்கும் முன்னால் நில். சாய்தளம் நடுக்கதவில் இருந்தாலும் முதலில் டிரைவர் கண்ணில் பட்டுவிட வேண்டும். கையை நன்றாகத் தூக்கு. அவர் கண்ணைப் பார். கண்ணைப் பார்த்துவிட்டால் தாண்டிப் போவது கஷ்டம்.

பஸ் நடைபாதையை ஒட்டி நிற்கவில்லை என்றால் ஏறாதே, இன்னும் ஒட்டி நிறுத்தச் சொல். வெட்கப்படாமல் சொல். தாழ்தள பஸ்ஸின் தளம் சாலையிலிருந்து சுமார் 32 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். பஸ்ஸைத் தாங்கும் காற்றுப் பைகளில் காற்றை இறக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தால் இன்னும் ஆறேழு சென்டிமீட்டர் குறையும். நடைபாதை 15 சென்டிமீட்டர் உயரம் என்று வை. சாய்தளப் பலகையின் நுனி நடைபாதை மேல் விழுந்தால் நீ ஏற வேண்டியது வெறும் பத்து சென்டிமீட்டர்தான். அதே பஸ் நாலடி தள்ளி நின்று பலகை சாலையில் விழுந்தால் 25 சென்டிமீட்டர். அதே ஒரு மீட்டர் பலகையில் அது செங்குத்து மாதிரி. நாற்காலி பின்னால் கவிழும். கட்டடங்களில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில்தான் சாய்தளம் கட்டச் சொல்கிறார்கள். அந்தச் சரிவுக்குப் பழகிய கை, பஸ் பலகையில் எவ்வளவு திணறும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தைத் தள்ளுகிறவள் நீ. ஆனால் அந்தப் பதினைந்து சென்டிமீட்டரும் டிரைவர் கையில் இருக்கிறது. ஸ்டியரிங்கை அரைச்சுற்று கூடுதலாகத் திருப்பினால் போதும்.

உள்ளே போனதும், இடம் பின்நோக்கி அமைத்திருந்தால், டிரைவர் பக்கம் முதுகு இருக்கும்படி, முதுகைத் தாங்க வைத்திருக்கும் பலகையோடு ஒட்டி நிறுத்து. பக்கவாட்டில் ஒருபோதும் நிற்காதே. நான் எத்தனை முறை சடாரென்று பிரேக் அடித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். முதுகு பலகையில் பட்டிருந்தால் அந்த வேகத்தைப் பலகை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் இருந்தால் நாற்காலியோடு சாய்வாய். பிரேக்கை மறக்காதே. டயரில் காற்றைப் பார்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ முதன்முதலாகத் தனியாக ரயிலில் போன நாளை நான் மறக்கவில்லை. நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி இருந்தது. சின்னச் சக்கரம் அதற்குள் விழுந்துவிடும் என்று நான் பதறி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தேன். நீ நேராக வந்து, முன்சக்கரங்களைத் தூக்கி, ஒரே தள்ளில் உள்ளே போய்விட்டாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயில் கிளம்பிப் போன பிறகும் நான் கையை நீட்டியபடியே நின்றிருந்தேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். டிப்போவில் எல்லாரிடமும் சொன்னேன், என் மகள் தனியாகப் போய்விட்டாள் என்று. கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அப்படிப்பட்டவள், "நான் ஒருத்தி கேட்டு என்ன ஆகப்போகிறது" என்று தம்பியிடம் சொன்னாயாம். அதைக் கேட்ட நாளிலிருந்து ராத்திரி ராத்திரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் டென்வர் நகரில் 1978 ஜூலை 5ஆம் தேதி பத்தொன்பது பேர் நாற்காலிகளோடு நடுரோட்டில் வந்து இரண்டு பஸ்களை மறித்தார்கள். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தார்கள். ஊர் முழுக்க அல்ல பாப்பா, பத்தொன்பது பேர்தான். அதற்கு முந்தைய வருஷம் ஜப்பானில் காவசாகியில், துணைக்கு ஆள் இல்லாமல் நாற்காலியில் வந்தால் ஏற்ற மாட்டோம் என்று சொன்ன பஸ்களில் கூட்டமாக ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். 1990 மார்ச்சில் வாஷிங்டனில் நாற்காலிகளைக் கீழே விட்டுவிட்டு நாடாளுமன்றப் படிகளில் ஊர்ந்து ஏறினார்கள். அதில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றும் இருந்தது. அந்த ஜூலையிலேயே சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அங்கே புதிதாக வாங்கும் நகர பஸ் எதிலும் நாற்காலி ஏற வழி இருந்தாக வேண்டும். எட்டு வயதில் உன்னை நான் பஸ் படியில் தூக்கிக்கொண்டு ஏறுவேன். நீ என் தோளில் முகத்தை வைத்துக்கொள்வாய், யாரையும் பார்க்க மாட்டாய்.

பஸ்ஸில் நாற்காலிக்கான இடத்தில் குழந்தைத் தள்ளுவண்டி இருந்தால் நீயே பேசாமல் இறங்கிவிடுவாய் என்றும் தம்பி சொன்னான். பிரிட்டனில் இதே விஷயம் அவர்கள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2017 ஜனவரியில் தீர்ப்பு. கொஞ்சம் நகருங்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு டிரைவர் சும்மா இருந்துவிடக் கூடாது, நியாயமில்லாமல் மறுக்கிறார்கள் என்று தெரிந்தால் அதற்கு மேலும் வற்புறுத்த வேண்டும், தேவைப்பட்டால் வண்டியைக் கொஞ்ச நேரம் எடுக்காமல் நிறுத்தியும் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வழக்குப் போட்டவர் ஒரே ஒரு ஆள், நாற்காலியில் இருப்பவர்.

அந்த மூன்றாவது டிரைவர் சாய்தளம் வேலை செய்யவில்லை என்று சொன்னதை யோசித்துப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் வருவது என்றால் மோட்டார் பழுதாகலாம். ஆனால் நீ ஏறுகிற தடத்தில் எல்லாமே கையால் மடித்து விரிக்கிற பலகைதான் என்று தம்பி சொல்கிறான். அதில் பழுதாக என்ன இருக்கிறது? மண் அடைத்திருந்தால் கொஞ்சம் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். சீட்டை விட்டு இறங்கி, குனிந்து, விரித்து, நீ ஏறின பிறகு மடித்து, திரும்ப வந்து உட்கார இரண்டு நிமிஷம், மிஞ்சினால் மூன்று. வேலை செய்யவில்லை என்று சொல்வது எப்போது என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நீ ஆறாவது படித்த வருஷம். எங்கள் டிப்போவுக்குத் தாழ்தள பஸ் வந்த புதிது. காலை ட்ரிப். பதினொரு நிமிஷம் லேட். வண்டி நிறைய ஆட்கள். ஒரு நிறுத்தத்தில் இறங்க யாரும் இல்லை, ஏற ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். நாற்காலியில், இருபத்தைந்து வயசு இருக்கும். மடியில் ஒரு பை. கையைத் தூக்கினார். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்வார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். பின்னால் வருவது படி வைத்த பழைய வண்டி என்றும் எனக்குத் தெரியும்.

தாண்டிய பிறகு கண்ணாடியில் பார்த்தேன். கை அப்படியே தூக்கியபடி இருந்தது. நான் நிறுத்தி, கொஞ்ச தூரம் தள்ளியாவது நிற்பேன் என்று நினைத்திருப்பார் போல. வளைவு வரும்வரைக்கும் கை இறங்கவில்லை.

அன்றைக்கு யாரும் புகார் கொடுக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. வண்டியில் இருந்தவர்கள்கூட ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். அப்போது நீ கேட்டாய், "அப்பா, உங்க புது பஸ்ல என்னை மாதிரி யாராவது ஏறினாங்களா?" நான் "ஏறினாங்களே" என்றேன். நீ அவ்வளவு சந்தோஷப்பட்டாய். எந்த இடத்தில் ஏறினார், எப்படி ஏறினார், எங்கே நின்றார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அத்தனையும் பொய்.

அதற்குப் பிறகு நான் யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை. லேட்டானாலும் இறங்கிப் பலகையை விரித்திருக்கிறேன், மெமோ வாங்கியிருக்கிறேன். ஆனால் அதனால் அந்த ஒரு காலை இல்லாமல் போய்விடவில்லை. அவர் அன்றைக்கு எங்கே போகக் கிளம்பினார் என்று எனக்குத் தெரியாது. வேலைக்கான நேர்முகமாகக்கூட இருந்திருக்கலாம். அவரும் அதற்குப் பிறகு மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்திருப்பாரா என்று இப்போது நினைக்கிறேன். உன் விஷயம் கேட்டதிலிருந்து அதைத்தான் நினைக்கிறேன். உன்னைத் தாண்டிப் போனவரைத் திட்ட வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை.

நீ என்னிடம் சொல்லாதது நல்லதுதானோ என்னவோ. சொல்லியிருந்தால் "டிரைவருக்கும் கஷ்டம் இருக்கும்மா, பரவாயில்லை விடு" என்று சொல்லியிருப்பேன். சின்ன வயசிலிருந்து அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதெல்லாம் பஸ்ஸில் இருப்பவர்களிடம் "மன்னிச்சுக்கோங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே ஏறுவேன். நீயும் என்கூடச் சேர்ந்து சொல்வாய். அது நீ சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை. உனக்கு அதைப் பழக்கிவிட்டவன் நான்.

காரிலேயே போய்க்கொள்கிறேன், வீட்டிலேயே வேலை பார்க்கிறேன் என்று நீ முடிவு செய்தால் அது உன் இஷ்டம். உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு வாயில்லை. ஆனால் புகார் கொடுக்க விருப்பம் இருந்தால் தேதி, நேரம், தட எண், பஸ்ஸின் பதிவு எண் எல்லாம் ஞாபகம் இருக்கும்போதே எழுதி வை. பதிவு எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நேரமும் தடமும் இருந்தால் எந்த டிரைவர் டூட்டி என்று டிப்போவில் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம். எப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்கிறேன். பதில் எழுதுகிறவர்கள் என்ன சாக்கு சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் முதல் வாரம் நான் மட்டும் அங்கே வருகிறேன். அம்மாவுக்கு இவ்வளவு தூரம் உட்கார முடியாது. ஒரு வாரம் இருப்பேன். என்றாவது ஒரு காலையில் உனக்குத் தோன்றினால் அந்த நிறுத்தத்துக்குப் போகலாம். தோன்றாவிட்டால் வேண்டாம், வீட்டில் இருக்கலாம். போனால் நான் உன் பக்கத்தில் நிற்பேன். நாற்காலியின் கைப்பிடியைத் தொட மாட்டேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீயாகக் கூப்பிட்டால் மட்டும் பேசுகிறேன்.

காற்றடிக்கும் பம்பை எடுத்து வருகிறேன். டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். பார்த்து அம்மாவிடம் சொல், இல்லை என்னிடமே சொல்.

அன்புடன்,
அப்பா