ஜிலேபிதான், ஒப்புக்கொள்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நீலகிரி ட்ரவுட் மீனைப் பற்றிய கட்டுரை படித்தேன். அவலாஞ்சியில் வெள்ளைக்காரன் மீன் குஞ்சு பொரிப்பகம் வைத்த கதை, தண்ணீர் சில்லென்று ஓடினால்தான் அந்த மீன் தங்கும் என்ற விவரம், எல்லாம் சரி. படங்களும் நன்றாக இருந்தன. நடுவில் ஒரு வரி. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஏரிகளில் இலையுதிர் காலம் வந்தாலென்ன, போனாலென்ன, தூண்டிலில் ஏறுவது திலாப்பியா என்கிற ஜிலேபி மீன்தானாம். எழுதியவர் எந்த ஏரிக்கரையில் எத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தார் என்பதையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

முதலில் இந்த இலையுதிர் காலம். எங்கள் பக்கம் இலை உதிர்வது மாசியில். ஐப்பசி, கார்த்திகையில் வேலியோரத்துக் கொடி கூடத் தழைத்து நிற்கும். அந்த இரண்டு மாதத்துக்கும் கூதிர் என்று பழைய பெயர் இருக்கிறது. தங்களுக்குத் தெரியாததல்ல. பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற பத்திரிகை ஆயிற்றே என்றுதான் சொல்கிறேன்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். கிருஷ்ணகிரி அணையை 1957-இல் திறந்தார்கள். அதைவிட நான் மூன்று வயது இளையவன். சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து அப்பா என்னை அங்கே கூட்டிப் போவார். புரட்டாசி முழுக்க வீட்டில் கவுச்சி கிடையாது என்பதால் ஐப்பசி முதல் ஞாயிறுதான் எங்களுக்குத் தீபாவளி. மயிலிறகுத் தண்டில் தக்கை. கேழ்வரகுக் களியில் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கைப் பிசைந்து உருட்டிய இரை. புதுத் தண்ணீர் செம்மண்ணாக வரும்போது தக்கை அசையவே அசையாது. நாலைந்து நாள் போய்க் கலங்கல் படிந்து, முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரிகிறது என்ற பதம் வரும்போதுதான் போக வேண்டும். கட்லா மேல் தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில் சேறு கிளறும். எது வேண்டுமோ அதற்கேற்ப அப்பா தக்கையை ஏற்றி இறக்குவார். கார்த்திகை தாண்டிக் குளிர் ஏறிவிட்டால் கெண்டை ஜாதியெல்லாம் மந்தமாகிவிடும், வாயே திறக்காது. குளிர்ந்தால் துள்ளுகிற உங்கள் ட்ரவுட்டுக்கு நேர் எதிர். ஆக, எங்கள் ஏரிக்கும் பருவம் உண்டு ஐயா, மீனுக்கும் உண்டு.

உண்டு என்று எழுதிவிட்டேன். இருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

போன ஐப்பசியில் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து மதியம் எழுந்தேன். பதினோரு மீன். பத்து, உள்ளங்கை அகல ஜிலேபி. பதினொன்றாவது ஆப்பிரிக்கன் கெளுத்தி, அதுதான் தடை செய்த மீன். அதாவது, உங்கள் கட்டுரையாளர் எழுதியது பொய் இல்லை. எனக்கு எரிச்சலே அதனால்தான். கிண்டலுக்கு ஜிலேபி கிடைத்தது, காரணத்தைத் தேட ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

காரணம் மேலேயிருந்து வருகிறது. பெங்களூருச் சாக்கடை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையில் சேருகிறது. மழைக்காலத்தில் ஓசூர் கெலவரப்பள்ளி அணையைத் திறந்தால் மதகடியில் நுரை ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. அந்தத் தண்ணீர்தான் எங்கள் அணைக்கு வருகிறது. தண்ணீரில் காற்று குறைந்தால் கட்லாவும் ரோகுவும் தாங்காது. ஜிலேபி ஓரளவு தாங்கும். போதாததற்குத் தாய் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும், வருடத்தில் பல முறை பெருகும். ஆப்பிரிக்கன் கெளுத்தி மேலே வந்து நேராகக் காற்றையே குடித்துக்கொள்ளும். கட்லா, ரோகு தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது, குஞ்சு வாங்கி விட்டால்தான் உண்டு. விட்ட குஞ்சைக் கெளுத்தி தின்கிறது. அப்புறம் என் தக்கையில் என்ன ஏறும்? என் மனைவி இப்போதெல்லாம் செவுளைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அருவாமனையை எடுக்கிறார். முன்பு மண் வாடை அடிக்கிறது என்பார். இப்போது சோப்பு வாடை என்கிறார்.

சில வருடம் முன்பு ஒரு கார்த்திகையில் கரையோரம் முழுக்க மீன் வயிறு காட்டி மிதந்தது. படமெடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். வரவில்லை. 2017 நவம்பரில் அணையின் மதகு உடைந்து, தேக்கிய தண்ணீரோடு வளர்ந்த மீனும் ஆற்றில் போனது. எங்கள் ஊரில் வேட்டியை விரித்துக் கட்லா பிடித்தார்கள். அதற்கு மட்டும் தங்கள் பத்திரிகை 'மீன் விருந்து' என்று தலைப்பு போட்டது. 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது உங்கள் நிருபர் வந்தார், வேன் தண்ணீரில் போகும் படம் முதல் பக்கத்தில் வந்தது. தண்ணீர் வடிந்தது, நிருபரும் வடிந்துவிட்டார். இன்னொன்று. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். இருபது வருடம் தாண்டியும் 'தருமபுரி மாவட்டம் கிருஷ்ணகிரி அணை' என்று போன மாதம் கூட அச்சிட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் மாவட்டம் மெதுவாகப் பிரியும் போலிருக்கிறது.

ட்ரவுட் பற்றி எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக எழுதுங்கள். நீலகிரிக்குப் போய்வர உங்கள் கட்டுரையாளருக்கு வசதி இருக்கிறது. காவேரிப்பட்டணத்திலிருந்து எனக்கு இருக்கும் வசதி டவுன் பஸ்.

அதனால் கேட்பது சின்ன விஷயம். தினமும் நீர்மட்டப் பட்டியல் போடுகிறீர்கள். மேட்டூர், பவானிசாகர், வைகை எல்லாம் இருக்கிறது. அதில் கிருஷ்ணகிரி அணையையும் சேருங்கள், மொத்த உயரம் 52 அடி. பக்கத்திலேயே கெலவரப்பள்ளியிலிருந்து அன்றைக்கு எத்தனை கன அடி திறந்தார்கள் என்று ஓர் எண். இரண்டு வரி இடம் போதும். நுரைத் தண்ணீர் வருகிற நாளில் பஸ் காசாவது மிச்சமாகும்.

கடிதம் நீளம் என்று வெட்டுவீர்கள், தெரியும். வெட்டுவதானால் என் அப்பாவை வெட்டுங்கள், பட்டியல் கோரிக்கையை விட்டுவிடுங்கள். போன தடவை கோரிக்கையை வெட்டிவிட்டு வணக்கத்தையும் கையெழுத்தையும் மட்டும் போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
நாற்பது வருட வாசகன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்