பொருள்: நில ஆமை அடைப்பு – ஆறு வாரமாக இழுக்கும் புகார்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது ஐந்தாவது முறை எழுதுவது. நான்கு வாட்சப் தகவலுக்கும் நீல டிக்தான் பதிலாக வந்தது. ஆகவே இம்முறை பதிவுத் தபால்.

பினாங்கு, ஆயர் ஈத்தாம் வீட்டில் நீங்கள் போட்ட 20க்கு 12 அடி அடைப்பு, விலை 3,800 ரிங்கிட். ரசீதில் ‘பெரிய ஆமை மாடல்’ என்றே இருக்கிறது. உள்ளே இருப்பவை சுல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமைகள் இரண்டு, தலா 14 கிலோ. இந்த இனம் 40 கிலோவைத் தாண்டி வளரும், மண்ணைத் தோண்டி வளையில் வாழும் என்பது இதையே விற்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. பிறகு ஏன் கம்பி வலை? வலைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் ஆமை அதைத் தடையாகவே மதிக்காது, நாள் முழுக்க முட்டும். இரண்டுக்கும் மூக்கும் முன்கால் செதில்களும் தேய்ந்து புண்ணாகிவிட்டன. பார்வையை மறைக்கும் பலகையோ சிமெண்டுக் கல்லோ இரண்டடி உயரத்துக்கு வேண்டும். மண்ணுக்குள் ஒன்றரை அடியாவது இறங்க வேண்டும். நீங்கள் இறக்கியது 4 அங்குலம். அளவு நாடாவோடு படம் இணைத்துள்ளேன். கதவடியில் மூன்றே நாளில் குழி விழுந்தது.

உள்பக்கம் அடித்திருக்கும் அந்தக் குறுக்குச் சட்டங்கள் ஆமைக்கு ஏணி. மூலையில் ஏறி மல்லாந்து விழுந்து, உச்சி வெயிலில் யாரும் பார்க்காமல் கிடந்தால் உயிரே போய்விடும். சட்டத்தை வெளிப்பக்கம் மாற்றி, நான்கு மூலைக்கும் மேலே ஒரு முக்கோணப் பலகை அடித்தால் தீர்ந்தது. அரை நாள் வேலை!

இந்த அரை நாள் வேலைக்காகப் பினாங்குப் பாலம் கடந்து பிறை ஊரிலுள்ள உங்கள் கிடங்குக்கு வந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். பெட்ரோல், டோல், ஒரு நாள் விடுப்பு, எல்லாம் போயிற்று. கடைசியில் கவுன்டரில் இருந்த அந்த ஆடவர், என் படங்களைத் திறந்துகூடப் பார்க்காமல், “ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க அக்கா?” என்று சிரித்தார். பக்கத்திலிருந்தவரும் சிரித்தார். பழமொழியை அவர் பாதிதான் படித்திருக்கிறார். ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்’ என்பதுதான் முழுசு. அமீனா என்றால் ஜப்திக்கு வரும் நீதிமன்ற ஊழியர். அமீனா எந்த வாசலுக்கு வருவார் என்பதை அவருக்கு யாராவது சொல்லி வையுங்கள்.

மன்னிக்கவும், ஆமைகள் படுக்கும் கூடு பற்றிச் சொல்லாமல் விட்டேன். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை எப்படி அடிக்கும்? தண்ணீர் போய்ச் சேரும் தாழ்ந்த மூலையில் கூட்டை வைத்திருக்கிறீர்கள். இவை சஹாராவின் தென் விளிம்பு ஆமைகள். ஈரத்தில் படுத்தால் மூச்சுக்குழலில் நோய் வரும், அடி ஓடு அழுகும். கூட்டை மேட்டுக்கு மாற்றி, தளத்தை 6 அங்குலம் உயர்த்தி, தாழ்வாரம் ஒன்றரை அடி நீட்ட வேண்டும். தரை 12 அடிக்கு 3 அங்குலமாவது வடிகால் பக்கம் சரிய வேண்டும். தண்ணீர்த் தட்டைச் சுற்றிக் கொட்டிய வெள்ளைக் கூழாங்கல்லை அள்ளிப் போங்கள். விழுங்கினால் குடல் அடைக்கும்.

வேலியோரம் அழகுக்கு அரளி நட்டது யார் யோசனை? அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். நல்ல வேளை, நான் அன்றே பிடுங்கினேன். செம்பருத்தி நட்டிருந்தால் அழகுக்கு அழகு, தீனிக்குத் தீனி.

உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. 14 நாளுக்குள் பலகை, சட்டம், கூடு மூன்றையும் சரிசெய்து கொடுத்தால் நன்றியோடு விஷயத்தை முடித்துக்கொள்வேன். இல்லையென்றால் 3,800 ரிங்கிட், மருத்துவச் செலவு 640, பாழான புல்தரை, ஆறு வாரத் தூக்கம், மன உளைச்சல் என்று 15,000 ரிங்கிட் கேட்டுப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நகல் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் போகும்.

இப்படிக்கு,
பொறுமை இழந்த வாடிக்கையாளர், ஆயர் ஈத்தாம்

பி.கு.: ஆள் அனுப்பினால் காலை 10 மணிக்குள் வரச் சொல்லுங்கள். வெயில் ஏறினால் இரண்டும் கதவடிக் குழிக்குள் இறங்கிவிடும். உள்ளே கால்களை ஊன்றிக்கொண்டால் இழுத்து எடுக்க முடியாது. கவுன்டர்காரரை மட்டும் அனுப்ப வேண்டாம்.