அந்த இரண்டாம் தந்தி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகுவலி தணிந்ததில் நிம்மதி. பேத்தி பேசத் தொடங்கிய செய்தியை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய்; மூன்றையும் படித்தேன்.

இங்கே கிட்டார்தான் செய்தி. விரல் நுனிகள் காய்த்துவிட்டன. விரல் வைக்கும் வடிவங்களை உருப்போடுவதை விட்டு, சுரத்துக்குச் சுரம் எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒரு ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) என்றால் அரைச்சுரம். ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் 4, சுத்த மத்தியமம் 5, பஞ்சமம் 7, மேல் ஷட்ஜம் 12. நாம் அறிந்த கணக்கேதான். ஆங்கிலப் பெயர்களுக்கு வீணாக மிரண்டிருக்கிறேன்!

ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டை ஷட்ஜமாக வைத்தால், ஐந்தாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் பஞ்சமம். அடுத்த தந்தி, இரண்டு ஃபிரெட் மேலே. இதே வடிவம் எங்கும் செல்லும், மூன்றாம் தந்தியிலிருந்து இரண்டாவதுக்குத் தாண்டும் இடம் தவிர. அங்கே பஞ்சமத்துக்குப் பதில் அரைச்சுரம் குறைந்த பிரதி மத்தியமம் வந்து நிற்கிறது. கை தவறியதென்று பல நாள் என்னையே திட்டிக்கொண்டேன்.

தவறு கையில் இல்லை. அடுத்தடுத்த மற்ற தந்தி ஜோடிகளுக்கு நடுவே 5 அரைச்சுரம். மூன்றாவதான ஜி, இரண்டாவதான பி தந்திகளுக்கு நடுவே மட்டும் 4. எல்லாமே 5 என்றிருந்தால் மொத்தம் 25 ஆகி, முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் அரைச்சுரம் பிசகி உரசும். ஒன்றைக் குறைத்ததால் 24. ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி, கச்சிதம். ஆறு தந்தியையும் ஒரே விரலால் அழுத்திக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்க முடிவதற்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி.

ஆனால் அந்த பி தந்தியோடு எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. ஜி தந்தியோடு சேர்த்து மீட்டி, காந்தாரம் இனிக்கும்வரை காதால் இறக்கினேன். பிறகு முதல் தந்தியான ஈ-யோடு அது ஒட்டவே இல்லை. அரைச்சுரத்தை 100 கூறாக்கினால், ஃபிரெட் தரும் காந்தாரம் இயல்பான காந்தாரத்தைவிடச் சுமார் 14 கூறு கூடுதல். பஞ்சமம் 2 கூறுதான் குறைவு, காது பொறுத்துக்கொள்கிறது. ஆக, காந்தாரத்தின் இனிமையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் சுருதி சேர்க்க வேண்டியிருக்கிறது.

உன் வயலினில் ஃபிரெட் இல்லை. மயிரிழை பின்னால் விரலை வைத்தால் தீர்ந்தது. பொறாமையாக இருக்கிறது. தூசி தட்டி எடுத்து வா. நீ காந்தாரம் பிடி, நான் ஷட்ஜத்தை மட்டும் மீட்டுகிறேன்.

உன்,
பழைய தோழன்